பாம் ஷெல்டரில் ஒரு மிளகாய்ச் செடி

உலகத்தில் யார் வேண்டுமானாலும் மிளகாய்ச் செடி வளர்க்கலாம். விதையை மண்ணில் போட்டுவிட்டு மறந்துவிட்டால் போதும். அது பாட்டுக்கு முளைக்கும், அது பாட்டுக்குக் காய்க்கும். மறக்கத் தெரியாதவர்கள் வளர்க்கும்போதுதான் வம்பு. என் வீட்டுக்காரர் அந்த ரகம். அவர் செடியை வளர்க்க மாட்டார், வழிக்குக் கொண்டுவருவார்.

பழக்கதோஷம். பல வருஷம் இந்தச் சிங்கப்பூரில் பஸ் ஓட்டியவர். கடைசியில், புதிதாக வேலைக்கு வரும் டிரைவர்களின் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு உயர்ந்தார். பிரேக்கை மிதிக்கக் கூடாது, தடவ வேண்டும் என்பது அவருடைய வேதவாக்கு. அதை வீட்டிலும் சொல்லிச் சொல்லி என் காது புளித்துப்போயிருந்தது. நான் சப்பாத்தி மாவு பிசைந்தால்கூட ஏன் மிதிக்கிறாய் என்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் காலையில் பல் விளக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. ஸ்ட்ரோக். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது கால் வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் தாமதமாக வந்திருந்தாலும் நான் யாரையும் குறை சொல்லியிருக்க மாட்டேன். வலது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது, வேறு யாரோ கழற்றிப்போட்டுவிட்டுப் போன சட்டைக்கை மாதிரி.

தெரபிஸ்ட் பெண் நல்ல பிள்ளை. விரல்களுக்குத் தினமும் வேலை கொடுக்க வேண்டும், இந்த முதல் சில மாதங்களில் எவ்வளவு வருகிறதோ அதுதான் பெரும்பாலும் நிற்கும், அதற்குப் பிறகு வருவது கஷ்டம் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். மஞ்சள் நிறத்தில் ஒரு ரப்பர் பந்தும், துணி காயப்போடும் கிளிப் கொஞ்சமும் கொடுத்தனுப்பினாள். பந்தை அமுக்க வேண்டும், கிளிப்பைத் திறந்து திறந்து கயிற்றில் மாட்ட வேண்டும். இவர் பந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன்னைக் கைக்குழந்தை என்று நினைத்தாயா என்று கேட்டுவிட்டு டிவியைப் போட்டார். பந்து உருண்டு சோபாவுக்கு அடியில் போய் அங்கேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்தது.

நான் கெஞ்சினேன், திட்டினேன். ஆங் மோ கியோவில் குடியிருக்கும் மகள் தினமும் போன் போட்டு, பந்து அமுக்கினீர்களா என்று விசாரித்தாள். மாப்பிள்ளை தன் பங்குக்குக் கைக்கு ஒரு தைலம் வாங்கி வந்தார். என் தம்பி யோகா சொன்னான். எல்லோரும் ஒரே வாரத்தில் அந்தக் கைமீது பாய்ந்தோம். மனுஷன் கையைப் போர்வைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் பாம் ஷெல்டர் உண்டு. நாட்டில் சண்டை வந்தால் குடும்பத்தோடு ஒளிந்துகொள்ள என்று அரசாங்கம் இரும்புக் கதவு போட்டு, தடித்த சுவர் எழுப்பிக் கட்டிக்கொடுத்த அறை. எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அதற்குள் ஒரு ஆள் நுழைய இடம் கிடையாது. முறுக்குப் பிழியும் உழக்கு, தீபாவளி விளக்கு, உடைந்த பெட்டி, அரிசி மூட்டை எல்லாம் அங்கேதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் இவர் அதைத் திறக்கப் போனார். உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் கீழே அழுத்தினால் திறக்கும் பெரிய இரும்புக் கைப்பிடி அது. வலது கையை வைத்தார். விரல்கள் பிடிக்காமல் வழுக்கி விழுந்தன. இடது கையால் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்லை. மறுநாள் நான் அரிசி மூட்டையை இழுத்து முட்டுக்கொடுத்து, அந்தக் கதவு மூடவே முடியாதபடி செய்துவைத்தேன்.

செடிக்கு வருகிறேன். காரிடாரில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியில் நான் ஒருநாள் அழுகிய மிளகாய்களைப் பிய்த்துப் போட்டிருக்கிறேன். எருவாகும் என்ற எண்ணம்தான், வேறு ஒன்றும் இல்லை. அதில் ஒன்று முளைத்துவிட்டது. இவர் அதைக் கண்டுபிடித்தார். சாயங்காலம் பார்த்தால், செடி தனித் தொட்டிக்கு இடம் மாறி, மனுஷன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். டிவி பார்ப்பதற்கு இது தேவலாம்.

வீடியோவில் வந்தவனுக்கு முகம் கிடையாது. கறுப்பு கிளவுஸ் போட்ட இரண்டு கை, ஒரு தண்டு, கொஞ்சம் கம்பி, அவ்வளவுதான். இலைகளை மட்டும் மங்கலாக்கியிருந்தான். ஏன் இலை தெரியவில்லை என்று கேட்டேன். அது ஏதோ உயர்ந்த ஜாதித் தக்காளியாம், மற்றவன் காப்பியடித்துவிடுவான் என்று மறைத்திருக்கிறானாம். வெள்ளைக்காரன் ஒரு தக்காளிக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறான் பார் என்று எனக்கு ஒரு குத்து வேறு. செடியைப் பழக்குவது என்பது பெரிய சாஸ்திரம், நுனியைக் கிள்ளி, தண்டை வளைத்து, பக்கக் கிளைகளைப் படரவிட்டால் காய்த்துத் தள்ளிவிடும் என்று விளக்கினார். தேக்கா மார்க்கெட்டில் மிளகாய் கை நிறைய அள்ளித் தருகிறார்கள் என்று சொல்ல வந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

முதல் தவறு, நுனியைக் கிள்ளியது. கிள்ளலாம், தப்பில்லை. செடி என்று சொல்லும்படி ஏதாவது இருந்தால் கிள்ளலாம். நாலே இலை விட்டிருந்த குஞ்சுச் செடியைப் பிடித்துத் தலையைக் கிள்ளினால் அது என்ன செய்யும்? கோபித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. தினமும் காலையில் போய்ப் பார்ப்பார், வளர்ந்திருக்காது. வீடியோக்காரனைத் தப்பு சொல்ல மனம் வராமல் வெயிலைத் தப்பு சொன்னார். எதிர் புளோக் கட்டடத்தின் நிழல் விழுகிறதாம். ஆகவே செடிக்கு லைட் வாங்கினார், ஊதா நிறத்தில். லைட்டைக் காரிடாரில் மாட்ட முடியாது, ஊரே வேடிக்கை பார்க்கும். பாம் ஷெல்டருக்குள் மாட்டினார். என் முறுக்கு உழக்கு கட்டிலுக்கு அடியில் போயிற்று. உள்ளே காற்று இல்லை என்று ஒரு குட்டி மின்விசிறி வந்தது. லைட் வெளிச்சம் வீணாகிறது என்று சுவரெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டினார். என் சமையலறையிலிருந்து வெள்ளித்தாள் உருளை காணாமல் போனபோதுதான் எனக்குத் தெரியும். அந்த அறையைப் பார்த்தால் யாரோ பேய் ஓட்டுகிறார்கள் என்று தோன்றும்.

இரண்டாவது தவறு, வளைத்தது. வாழ்நாளெல்லாம் பிரேக்கைத் தடவச் சொன்ன மனுஷன், இரண்டு வாரம் தலையெடுக்கவிட்டு, தண்டைப் பிடித்து ஒரே மூச்சில் வளைத்தார். இடது கையால் வளைத்தால் வேகம் தெரியாதாம். பட்டென்று சத்தம். நான் சமையலறையிலிருந்து ஓடிவந்தேன், இவர்தான் விழுந்துவிட்டார் என்று. பார்த்தால் விழுந்தது செடி. பாதி முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. இவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பிளாஸ்டர் எடுத்து வந்து நானே சுற்றிவிட்டேன். தூக்கிப் போட்டுவிட்டு வேறு விதை போடலாம் என்றேன். வீடியோக்காரன் சொல்கிறானாம், முறிந்த தண்டு ஒட்டிக்கொள்ளும், முன்பைவிடப் பலமாக வரும் என்று.

அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒடிஞ்சதக் கொஞ்ச நாளைக்குச் சும்மா விடணுமாம். ஆளாளுக்கு வந்து நோண்டக் கூடாதாம்."

சுருக்கென்று இருந்தது. அன்றிலிருந்து பந்தைப் பற்றி நான் பேசவில்லை. மகளையும் பேசவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தண்டு ஒட்டிக்கொண்டது, நம்பினால் நம்புங்கள். உடனே மூன்றாவது தவறு. ரொட்டி பாக்கெட் வாயைக் கட்டி வருமே, அந்தக் கம்பியால் கிளைகளை இழுத்துக் கட்டினார். செடி வளர்ந்தது, கம்பி வளரவில்லை. தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. மெத்தென்ற நூல் வேண்டும் என்றார். நான் வெள்ளிக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போனபோது, வழக்கமாகப் பூ வாங்கும் கடையில் மல்லிகை கட்டுகிற நூலில் ஒரு கண்டு கேட்டேன். வீட்டிலேயே பூக் கட்டப் போறீங்களாக்கா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம், என் வீட்டுக்காரர் கட்டப்போகிறார் என்றேன். பாவம், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு முழம் பூவைச் சும்மா கொடுத்தார்.

நூல் வந்த பிறகு மனுஷன் கட்டியது வேடிக்கையாக இருந்தது. இடது கையில் ஒரு முனை, பல்லில் ஒரு முனை. முடிச்சு விழாது. அவிழும். மறுபடியும் பல். எச்சில் பட்ட நூலை வைத்துக்கொண்டு பாம் ஷெல்டருக்குள் ஊதா வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பார். பிறகு வலது கையைத் தூக்கித் தொட்டி விளிம்பில் வைத்து, அந்த விரல்களுக்கு அடியில் நூலைச் சொருகிக்கொள்ள ஆரம்பித்தார், பேப்பர் பறக்காமல் கல் வைப்பதைப் போல. பிறகு ஒருநாள், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது எதற்கோ திரும்பிப் பார்த்தேன். பல்லில் நூல் இல்லை. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுங்கிக்கொண்டே நூலைப் பிடித்திருந்தன. முடிச்சு விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. அடுத்த கிளைக்குப் போய்விட்டார். நான் குழம்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். சொன்னால் நின்றுவிடுமோ என்று பயம். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. தெரபிஸ்ட் சொன்ன மாதங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இந்தக் கிறுக்குச் செடியைத் தவிர வேறு எதுவும் அந்தக் கையை அசைக்கவில்லை.

இதற்கிடையில் மனுஷன் வெளிநாட்டில் பிரபலமாகிவிட்டார். வீடியோவுக்குக் கீழே தன் முழுப்பெயரையும் போட்டு, தன் போட்டோவோடு, ஐயா, நான் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீட்டுக்குள் ஒரு செடி வளர்க்கிறேன், இன்னும் அடர்த்தியாக வரவில்லை, ஆலோசனை கூறவும் என்று எழுதியிருக்கிறார். பதில்கள் குவிந்துவிட்டன. சிங்கப்பூரா என்று ஒருவன். நீ பெரிய தைரியசாலி என்று இன்னொருவன். உனக்காகப் பிரார்த்திக்கிறோம் என்று மற்றொருவன். இவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஸ்ட்ரோக் வந்ததைச் சொல்லாமலே என் தைரியம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது பார் என்றார். வெள்ளைக்காரர்கள் மனசு யாருக்கும் வராது என்று நானும் ஒத்து ஊதினேன். ஒரு மிளகாய்ச் செடிக்குப் பிரார்த்தனையா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா நான்? யோசிக்கவில்லையே.

யோசித்தது மகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிட வந்தாள். அப்பாவின் செடியைப் பார்க்கலாம் என்று பாம் ஷெல்டருக்குள் தலையை விட்டாள். வெள்ளித்தாள், விசிறி, ஊதா லைட், நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய செடி. முகம் மாறிவிட்டது. போனை வாங்கிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ம்மா, இது தக்காளி இல்ல. இவனுங்க எல்லாம் வளக்கறது கஞ்சா."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. தக்காளி என்பது அவர்கள் பேசிக்கொள்ளும் மறைவான பேச்சாம். வீடியோவைக் கம்பெனிக்காரன் நீக்கிவிடக் கூடாது என்றுதான் இலையை மங்கலாக்குகிறார்களாம். அப்பா கட்டியிருப்பது அவர்கள் கட்டுகிற அறையேதான், ஒரு குறை வைக்கவில்லை, உள்ளே செடிதான் வேறு என்றாள். பிறகு அந்தக் கேள்வியையும் பதில்களையும் படித்தாள். முழுப்பெயர், முகம், ஊர். தைரியசாலி. பிரார்த்தனை. நாங்கள் இருப்பது உட்லண்ட்ஸ். மலேசியாவிலிருந்து பாலத்தைத் தாண்டி வருகிறவர்களைப் பெட்டி பெட்டியாகச் சோதித்து அனுப்புகிற ஊர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூட இந்த ஊரில் அந்த இலையின் படம் தெரியும், அதற்குத் தூக்குவரை தண்டனை உண்டு என்பதும் தெரியும். அது தெரியாத ஒரே மனுஷன் எனக்குக் கணவனாக வாய்த்திருக்கிறார்.

"மிளகாய்தானே, மிளகா வளத்தா தப்பா?" என்றார் அவர்.

தப்பில்லைதான். ஆனால் அதை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அக்கம்பக்கத்தில் நம் பெயர் நாறிவிடும், இன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றிக் குப்பையில் போடுங்கள் என்றாள் மகள். அவர் எழுந்து பாம் ஷெல்டருக்குள் போய், முக்காலியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். வலது கை மறுபடியும் மடியில் செத்துக் கிடந்தது. மகள் வெள்ளித்தாளில் கை வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்மா. அப்பா கை அசையுது. அந்தச் செடியாலதான் அசையுது."

அவள் என்னைப் பார்த்தாள். அப்பாவின் முதுகைப் பார்த்தாள். வாயைத் திறந்து என்னவோ கேட்க வந்தாள். அப்போதுதான் பெல் அடித்தது.

வாசல் கிரிலுக்கு வெளியே இரண்டு போலீஸ். ஒருவர் நம்ம பையன், இன்னொருவர் மலாய்க்காரப் பெண். என் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் கால் ஓடியது. அரிசி மூட்டையை ஒரே எத்து எத்தினேன். கதவைத் தள்ளி மூடி, கைப்பிடியை மேலே இழுத்து அடைத்துவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டேன். உள்ளே ஊதா வெளிச்சம், விசிறி, கட்டிய புருஷன் எல்லாம் பத்திரம். மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு அவள் போய்க் கிரிலைத் திறந்தாள். திறக்காமல் என்ன செய்வது?

அவர்கள் வந்தது எதற்குத் தெரியுமா? தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பேங்க் விவரம் சொல்லாதீர்கள், ஏமாற்றுக்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக் காகிதம் கொடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தத் தம்பி தமிழிலேயே பொறுமையாக விளக்கினார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் விசிறி உர்ரென்றது. தெரியாதவர்கள் பேச்சைக் கேட்டுப் பணம் அனுப்பிவிடாதீர்கள் ஆன்ட்டி என்றார். தெரியாதவன் பேச்சைக் கேட்டு நாங்கள் அதைவிடப் பெரிய காரியமெல்லாம் பண்ணியிருக்கிறோம் தம்பி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். காகிதத்தை வாங்கக் கதவை விட்டு ஓரடி நகர்ந்தேன். நகர்ந்திருக்கக் கூடாது.

பின்னால் டக்கென்று சத்தம். கைப்பிடி தானாகக் கீழே இறங்கியது. இரும்புக் கதவு மெல்லத் திறந்து, ஹால் முழுக்க ஊதா வெளிச்சம் பரவியது. நடுவில் என் வீட்டுக்காரர். தொட்டியை இடுப்பில் வைத்து இடது கையால் அணைத்திருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

போலீஸ்காரத் தம்பி லைட்டைப் பார்த்தார், வெள்ளித்தாளைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். மலாய்க்காரப் பெண் இரண்டு அடி முன்னால் வந்தார். தண்டில் பிளாஸ்டர், கிளைக்குக் கிளை மல்லிகை நூல். பிறகு தம்பி குனிந்து, இலையின்மீது மூக்கை வைக்காத குறையாகப் பார்த்தார்.

"இது என்ன செடி அங்கிள்?"

"மிளகா."

"ஏன் இப்படிக் கட்டி வெச்சிருக்கீங்க?"

"ட்ரெயினிங்," என்றார் இவர், பஸ் டிப்போவில் நிற்கிற தோரணையில்.

தம்பி இலையை இன்னொரு தடவை பார்த்தார். மிளகாய் இலைதான். முகம் தளர்ந்தது. தன் அம்மாவும் செங்காங் வீட்டில் மிளகாய் போட்டிருக்கிறார்கள், கட்டுவது கிட்டுவது ஒன்றும் கிடையாது, கூடை கூடையாகக் காய்க்கிறது என்றார். அது பட்டிக்காட்டுத்தனமாக வளர்ப்பது என்று இவர் பதில் சொன்னார். மலாய்க்காரப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். மகள் சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். நானும் விட்டிருப்பேன். ஆனால் நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொட்டி இடது கையில் இருந்தது. மண் நிரம்பிய தொட்டி, ஒரு கை முழுசாக அதற்கே வேண்டும். அப்படியானால் கதவைத் திறந்தது எந்தக் கை? கதவுப் பக்கம் திரும்பினேன். அவருடைய வலது கை இன்னும் அந்த இரும்புக் கைப்பிடியின்மேல் இருந்தது. ஐந்து விரலும் சுற்றிப் பிடித்திருந்தன. அவருக்கு அது தெரியவில்லை. தம்பியிடம் தண்டு வளைக்கும் முறையை விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் முன்னால், கையில் மோசடித் தடுப்புக் காகிதத்தோடு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதேன்.

தம்பியின் முகம் மறுபடியும் போலீஸ் முகமாக மாறியது. என்னைப் பார்த்தார், அந்தக் கனத்த கதவைப் பார்த்தார், அதற்குள்ளிருந்து வந்து நிற்கிற மனுஷனைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, அங்கிளை ஏன் உள்ளே வெச்சு மூடினீங்க? இப்ப ஏன் அழறீங்க?"

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"மிளகாதான் தம்பி. கண்ணுல பட்டிருச்சு."

தம்பி செடியைத் திரும்பிப் பார்த்தார். அதில் ஒரு பூ கூட இன்னும் விட்டிருக்கவில்லை.